கரை வைத்த கோட்டு

1

இராசிபுரத்திலிருந்து என் தம்பி தங்கவேலு எழுதும் கடிதங்களுக்கு ஒரு வரிசை உண்டு: மழை, நூல் விலை, அப்பாவின் உடம்பு, அம்மாவின் கோபம், கடைசியில் விஷயம். கொழும்புப் பத்திரிகை ஆபீசில் பதினாலு வருஷமாக, முக்கியமான செய்தியை முதல் வரியில் வை என்று மற்றவர்களைத் திருத்திக்கொண்டிருப்பவன் நான். ஆகையால் தம்பியின் கடிதத்தைக் கீழிருந்து மேலாகப் படிப்பேன். போன ஆவணியில் வந்த கடிதத்தின் கடைசி வரிகள் இவை:

"சண்முகத்துக்கும் சர்க்கார் உபகாரச் சம்பளம் கிடைத்துவிட்டது. வியாழக்கிழமை ரயிலில் கொழும்பு வந்து சனிக்கிழமை கப்பலில் சீமைக்குப் போகிறான். தங்களுக்குப் போட்டதைப் போலவே அவனுக்கும் கோட்டு போட்டாகிவிட்டது. தங்களுக்கு இரண்டு விரல் கரை. இவனுக்கு நாலு விரல்."

சண்முகம் தங்கவேலுவின் மூத்த மகன்; படிப்பைச் சொல்லி நான் தள்ளிப்போட, தம்பிக்குத்தான் முதலில் கல்யாணம் ஆயிற்று. இருபது வயது. நான் ஊரைவிட்டுப் புறப்பட்டபோது நாலு வயதுக் குழந்தை.

அன்று ஐரோப்பாவில் யுத்தம் வருமா வராதா என்ற தந்திகள் என் மேஜையில் குவிந்து கிடந்தன. ஒவ்வொன்றையும் மொழிபெயர்த்துத் தலைப்புப் போட வேண்டியது என் வேலை. என் மனத்தில் நாலு விரல் மட்டும் நின்றது. வீடு திரும்பியதும் என் மனைவி முகத்தைப் பார்த்தாள். அவளுக்குப் பிறந்த ஊர் பரமத்தி வேலூர். கொழும்பு அவள் பேச்சை ஒன்றும் செய்யவில்லை.

"ஏனுங்க, மொகம் இப்பிடி இருக்குது? ஊர்ல ஆருக்காச்சும் ஒண்ணுன்னா சொல்லிப்போடுங்க."

"ஆருக்கும் ஒண்ணுமில்ல. அப்பா இன்னொரு கோட்டு நெய்ஞ்சிருக்காரு."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போனாள். சிரித்து முடித்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"அந்தப் புள்ளைக்காச்சும் நெசத்தச் சொல்லுங்க. இல்லாட்டி நாஞ் சொல்லிப்போடுவேன்."

கல்யாணமான முதல் வாரத்திலேயே அவளுக்கு உண்மை தெரியும். பெட்டியில் அப்படிப்பட்ட ஒரு கோட்டை வைத்துக்கொண்டு புது மனைவியிடம் விளக்கம் சொல்லாமல் தப்ப முடியாது.

2

உண்மையைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் வீட்டுப் பொழுதுபோக்கைச் சொல்ல வேண்டும்.

நெசவுக்காரர்கள் அமாவாசை அன்று தறியில் உட்கார மாட்டார்கள். மற்ற வீடுகளில் அன்று எண்ணெய் தேய்த்துக் குளித்துத் தூங்குவார்கள். எங்கள் வீட்டில் வேஷம் கட்டுவார்கள். பட்டு நூல் கழிவில் மீசை, சாக்குப் பையில் தொந்தி, அறுந்த பாவு நூலில் ஜடாமுடி. யாரைப் போல வேஷம் கட்டினாலும் விதி ஒன்றுதான். வீட்டுக்குள் ஆடிக் காட்டினால் கணக்கில்லை. தெருவில் இறங்கி, வேஷம் என்று தெரியாத ஒருவரை ஏமாற்றிவிட்டுத் திரும்ப வேண்டும். ஏமாந்தவரும் சாயங்காலம் வந்து எங்களோடு உட்கார்ந்து சிரிப்பார். அந்தக் கதை மறு அமாவாசை வரை ஓடும்.

என் அத்தை, அப்பாவின் தங்கை, ஒரு தடவை நெய் வியாபாரி வேஷத்தில் மூன்றாம் வீட்டுக்குப் போனாள். அந்த வீட்டு நெய்யை முகர்ந்து பார்த்து, இதில் கலப்படம், இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தால் ஊர்ப் பேரே கெடும் என்று அதட்டி, பானையோடு எடுத்து வந்துவிட்டாள். அந்த வீட்டுக்காரர் நிஜ வியாபாரியைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டார். அந்த வியாபாரி ஒன்றும் புரியாமல் மன்னித்தார்.

என் வேஷங்களைப் பற்றியும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். நான் ஒருவரையும் ஏமாற்றியதில்லை. போலீஸ்காரனாக வாசல் தாண்டினால் எதிர்வீட்டுக் குழந்தை என் பேரைச் சொல்லிக் கூப்பிடும். பிச்சைக்காரனாகப் போனால் தெரு நாய் வாலாட்டும். "இவன் மூஞ்சி எதுக்குள்ளயும் ஒளிய மாட்டீங்குது" என்று அம்மா வருந்துவாள்.

அப்பாவின் பெருமை துரை வேஷம். சேலத்தில் குகை என்னும் பேட்டையில் ஆடித் திருவிழாவுக்கு வண்டிகளில் வேஷக்காரர்களை ஏற்றி ஊர்வலம் விடுவார்கள் அல்லவா? அதற்கு ஆறு வருஷம் தொடர்ந்து அப்பா துரை உடுப்புத் தைத்துக் கொடுத்தார். அவர் துரை ஒருவரை நேரில் பார்த்தது ஒரே ஒரு தடவை. சேந்தமங்கலத்தில் முகாம் போட்டிருந்த அதிகாரி குதிரையில் போனபோது பின்னாலிருந்து பார்த்திருக்கிறார். ஆகவே அப்பா தைத்த கோட்டின் முதுகு மிகத் துல்லியமாக இருக்கும். முன்புறம் ஊகம்.

3

ஜெர்மனியோடு நடந்த பெரிய சண்டை முடிந்து நாலு வருஷம் கழித்து, இங்கிலாந்தில் நெசவுத் தொழிற்கல்வி படிக்க எனக்கு உபகாரச் சம்பளம் கிடைத்தது. கொண்டுவர வேண்டியவற்றின் பட்டியலில் "ஐரோப்பிய உடுப்பு" என்று இருந்தது. மதராஸில் தைத்துக்கொள்ளலாம் என்றேன்.

"ஆறு வருசமா வேசத் துரைக்குத் தச்சிருக்கறேன்" என்றார் அப்பா. "நெசமாச் சீமைக்குப் போறவனுக்குத் தைக்க மாட்டனா?"

துணி வாங்கவும் அவர் சம்மதிக்கவில்லை. பட்டு வீட்டில் இருக்கிறது, தறி இருக்கிறது. பழுப்பு நிறத்தில் பாவு பூட்டினார். அப்போது அம்மா தறிக்குழி ஓரத்தில் வந்து நின்றாள்.

"கரை எங்க?"

"கோட்டுக்குக் கரை கெடையாது."

"மொட்டத் துணியா நெய்யறீங்க? அத எதுக்கு நெய்வாங்கன்னு தெரியுமில்ல? கடல் தாண்டிப் போற புள்ளை மேல அதப் போத்தி அனுப்பறீங்களா?"

எங்கள் தெருவில் கரையில்லாத துணியைச் சாவு வீட்டுக்குத்தான் நெய்வார்கள்.  அப்பா சிவப்பில் இரண்டு விரல் கரை போட்டார். கரை தனியாகத் தைத்ததாக இருந்தால் கப்பலில் பிரித்து எறிந்திருப்பேன். துணியோடு சேர்த்து நெய்தது. கரையை எடுத்தால் கோட்டே இரண்டாகிவிடும். வெட்டித் தைத்தபோது கரை கோட்டின் முன்விளிம்பு நெடுகிலும், கால்சட்டையின் வெளிப்பக்கம் இடுப்பிலிருந்து கணுக்கால் வரையிலும் இறங்கியது. பழக்கத்தில் முந்தானை போல நெய்துவிட்ட சரிகைக் கோடுகள் வீணாகக் கூடாது என்று முதுகில் வைத்தார்.

லண்டனில் இறங்கிய முதல் நாள். ஒரு பெரிய ஓட்டல் வாசலில் யாரிடமாவது வழி கேட்கலாம் என்று நின்றேன். உள்ளேயிருந்து வந்த சீமாட்டி ஒருத்தி என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தாள். தன் பெட்டியையும் குடையையும் என் கையில் கொடுத்து, வண்டி கூப்பிடு என்றாள். சிவப்புக் கரை வைத்த கால்சட்டையோடு ஓட்டல் வாசலில் நிற்பவன் சேவகன் அல்லாமல் வேறு யாராக இருக்க முடியும்? நான் வண்டி கூப்பிட்டேன். பெட்டியை ஏற்றினேன். அவள் ஆறு பென்ஸ் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன்.

மறுவாரம் வடக்கே ஓர் ஆலை நகரத்தில் கல்லூரிக்குப் போனேன். அன்று அங்கே ஏதோ விழா. வாசல்காரர் என்னைப் பார்த்தவுடன், வாத்தியக்காரர்கள் போகும் பக்கவாசலை மரியாதையாகத் திறந்துவிட்டார். அன்றே ஒரு பழைய துணிக் கடையில் முழங்கை தேய்ந்த கோட்டு ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டு, பட்டுக் கோட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

அன்று இரவு அப்பாவுக்கு எழுதினேன்: "உயர்குடிப் பெண்மணி ஒருவர் என் கோட்டைக் கண்டதும் தம் உடைமைகளை என்னிடம் நம்பி ஒப்படைத்தார். கல்லூரியில் எனக்கென்று தனி வாசலைத் திறந்துவிட்டார்கள். கோட்டைத் திரும்பிப் பார்க்காதவர் ஒருவருமில்லை."

ஒவ்வொரு வாக்கியமும் உண்மை. கடிதம் பொய். நான் பத்திரிகைத் தொழிலுக்குப் பொருத்தமானவன் என்பது எனக்கு அப்போது தெரியாது. படிப்பை மூன்றாம் வகுப்பில் முடித்துத் திரும்பும் வழியில், மூன்று மாதத் தற்காலிக வேலை என்று கொழும்பில் இறங்கினேன். அது இன்னும் தற்காலிகமாகவே நடந்துகொண்டிருக்கிறது.

4

வியாழக்கிழமை காலை கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்துக்கு நானும் என் மகள் கமலாவும் போனோம். அவளுக்குப் பதினோரு வயது. கொழும்பில் பிறந்து, இராசிபுரத்தை இரண்டே தடவை பார்த்தவள்.

சண்முகத்தை அடையாளம் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. ஜன்னல் வழியாகவே கரை தெரிந்தது. நாலு விரல் என்பது தபாலில் படிக்கும்போது இருப்பதைவிட நேரில் அகலமானது. இறங்கி வந்து, அந்தக் கோட்டோடு பிளாட்பாரத்தில் நெடுஞ்சாண்கிடையாக என் காலில் விழுந்தான். முதுகில் சரிகை மின்னியது. நாலைந்து பேர் நின்று பார்த்தார்கள்.

"வந்துட்டனுங்க பெரியப்பா. மண்டபம் கேம்புல, கப்பலேத்தறதுக்கு முந்தி சோதிக்கற எடத்துல, அரைநாள் நிறுத்திப்போட்டாங்க."

"காய்ச்சலா?"

"இல்லீங்க. நாடகக் கம்பெனி ஆளான்னு கேட்டாங்க. கம்பெனிக்குத் தனி பாரம் எழுதோணுமாமுங்க. படிக்கப் போறேனுங்கன்னேன். 'அப்ப இதெதுக்கு?'ன்னாரு அந்தக் குமாஸ்தா. படிக்கறதுக்குத்தானுங்கன்னேன். கடைசில 'மாணவன், நடிகன்'னு ரெண்டும் எழுதி உட்டாரு."

கமலா அவனைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"அண்ணா, நீங்கள் பேண்டு வாத்தியத்தில் என்ன வாசிக்கிறீங்கள்?"

"ஒண்ணும் வாசிக்கத் தெரியாதே சாமி."

"பிறகேன் இந்த உடுப்பு?" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, அவன் காதில் விழும்படியாகவே, "அப்பா, என்னைப் போய்ச் சாமி என்கிறார்" என்றாள். எங்கள் ஊரில் குழந்தைகளைக் கொஞ்சிக் கூப்பிடும் சொல் அது.

வீட்டுக்கு வரும் வழியில் அவன் ஊர்ச் செய்தி சொன்னான். ஆடியில் குகைத் திருவிழாவில் இவனையும் வண்டியில் ஏற்றியிருக்கிறார்கள். என்ன வேஷம் என்று கேட்டேன்.

"வேசமில்லீங்க. சீமைக்குப் படிக்கப் போற புள்ளைன்னு எழுதிப் போட்டு, இந்தக் கோட்டோட நானாவே உக்காந்திருந்தேன். ரெண்டாம் பரிசுங்க."

"முதல் பரிசு?"

"சீமைக்குப் படிக்கப் போற புள்ளையாட்டம் ஒருத்தன் வேசங் கட்டியிருந்தானுங்க. அவனுக்கு."

சாப்பாட்டின்போது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். மனைவி பரிமாறிக்கொண்டே என்னைப் பார்த்தாள். நான் யுத்தம் வருமா வராதா என்பதைப் பற்றிப் பேசினேன்.

5

வெள்ளிக்கிழமை அம்மைக்குத்துச் சான்றிதழில் முத்திரை வாங்க ஓர் ஆபீசுக்குப் போனோம். வரிசை வாசலைத் தாண்டி வெயிலில் நின்றது. சேவகன் சண்முகத்தைப் பார்த்தான், கரையைப் பார்த்தான், சலாம் வைத்து எங்களை நேரே மேஜைக்கு அழைத்துப்போனான். எந்த மாளிகையின் பேண்ட் மாஸ்டர் என்று நினைத்தானோ, தெரியாது. பத்து நிமிஷத்தில் வெளியே வந்தோம். அந்த ஆபீசில் எனக்கு ஒரு முத்திரைக்கு மூன்று நாள் ஆகும்.

"பாத்தீங்களா பெரியப்பா? நீங்க எழுதுனது அத்தனையும் நெசமுங்க" என்றான்.

இதற்கு மேல் தள்ளிப்போட முடியாது. மாலையில் கடற்கரையோரக் காலிமுகத் திடலுக்கு அழைத்துப்போனேன். கப்பல்கள் தெரிந்தன. மறுநாள் அவற்றில் ஒன்றில் ஏறி இவன் போய் அதே ஓட்டல் வாசலிலோ வேறு வாசலிலோ நிற்கப் போகிறான். சொன்னால் என்ன நடக்கும் என்பதும் எனக்குத் தெரியும். இவன் ஊருக்கு எழுதுவான். பதினாறு வருஷமாக அப்பா தறிமேட்டு மாடத்தில் வைத்திருக்கும் என் கடிதத்தை யாராவது அவருக்கு மறுபடியும் படித்துக் காட்டுவார்கள். இந்த முறை அர்த்தம் தெரிந்து கேட்பார்.

"சண்முகம், அந்தம்மா என்னைய ஓட்டல் சேவகன்னு நெனச்சுத்தான் பொட்டியக் குடுத்தாங்க."

அவன் என்னைப் பார்த்தான்.

"நீங்க என்ன பண்ணுனீங்க?"

"வண்டி கூப்பிட்டேன்."

"அப்பறம்?"

"பொட்டிய ஏத்துனேன். காசு குடுத்தாங்க."

"வாங்கிட்டீங்களா?"

"வாங்கிட்டேன்."

"தனி வாசலு?"

"பேண்டுக்காரங்க போற வாசலு."

 அவனுக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். அவன் புல்லில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல் குலுங்கினான். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டான்:

"கடைசி வரைக்கும் அந்தம்மாவுக்குத் தெரியவே இல்லீங்களா?"

"இல்ல."

"அப்ப செயிச்சுட்டீங்களே. தெரு நாயக்கூட ஏமாத்த முடியாத ஆளுன்னு உங்களப் பத்தி ஊட்ல இன்னும் சொல்லுவாங்க. நீங்க ஒரு சீமாட்டிய ஏமாத்தியிருக்கீங்க. இதவிடப் பெரிய வேசம் நம்மூட்ல ஆரு கட்டுனாங்க? அதப் போயி பொட்டில வெச்சுப் பூட்டிட்டீங்களே."

இந்தக் கோணத்தில் அதை நான் யோசித்ததே இல்லை. செய்தியை எந்தப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவன் நான். அதற்குள் அவன் சிரிப்பை நிறுத்திவிட்டான்.

"தாத்தாவுக்கு ஒரு கண்ணு சரியாத் தெரியறதில்லீங்க பெரியப்பா. கரைய வெரல்ல தடவித் தடவி மூணு மாசம் நெய்ஞ்சாரு. 'பெரியவன் எழுதியிருக்கறான், திரும்பிப் பாக்காத ஆளில்லைன்னு'ன்னு சொல்லிச் சொல்லி நெய்ஞ்சாரு. நெசத்த நீங்க எழுதாம நானு கப்பலேற மாட்டனுங்க."

"மனசு ஒடஞ்சு போவாருடா. இந்த வயசுல."

"ஒடைவாரோ சிரிப்பாரோ, அது அவருது. நீங்களா முடிவு பண்ணிக்கிட்டீங்க."

வீட்டுக்கு வந்து மேஜையில் உட்கார்ந்தேன். மற்றவர்கள் எழுதியதைப் பத்து நிமிஷத்தில் சுருக்குகிற எனக்கு ஒரு பக்கம் எழுத இராத்திரி பத்து மணி ஆயிற்று. "ஐயா அவர்களுக்கு அநேக நமஸ்காரம்" என்பதற்கு அடுத்த வரி: "அந்தப் பெண்மணி என்னை ஓட்டல் சேவகன் என்று நினைத்தாள்." சண்முகம் படித்துப் பார்த்துவிட்டுத் தானே கொண்டுபோய்த் தபாலில் போட்டான்.

சனிக்கிழமை, சீமைக் குளிருக்குப் பட்டு ஆகாது என்று சொல்லி என் பழைய கம்பளிக் கோட்டை அவனுக்குக் கொடுத்தேன். பட்டுக் கோட்டை மடித்துப் பெட்டியின் மேலாகவே வைத்துக்கொண்டான். "'நடிகன்'னு எழுதியிருக்கறத ஆராச்சும் சந்தேகப்பட்டா எடுத்துப் போட்டுக்கறனுங்க" என்றான். துறைமுகத்தில் கமலா அவனை நிதானமாகப் பார்த்தாள்.

"இப்போது அண்ணா அச்சாக அப்பா மாதிரி இருக்கிறார்" என்றாள். அவள் அதைப் பாராட்டாகச் சொல்லவில்லை.

6

மூன்று வாரம் ஊரிலிருந்து கடிதம் வரவில்லை. வாராவாரம் எழுதுகிற தம்பி.  தபால்காரர் வரும் நேரத்தில் என் மனைவிக்கு வாசலில் ஏதாவது வேலை இருந்தது.

நாலாம் வாரம் வந்தது. தங்கவேலு எழுத்து, ஆனால் பேச்சு மற்றவர்களுடையது. கடிதத்தை அவன் படித்துக் காட்டியதும் அப்பா எழுந்து போய்த் தறியில் உட்கார்ந்தாராம். உட்கார்ந்தாரே தவிர நெய்யவில்லை. அப்படி இரண்டு நாள். மாடத்திலிருந்த என் பழைய கடிதத்தை எடுத்து, படிக்கத் தெரியாதவர், வெகுநேரம் கையில் வைத்திருந்தாராம். "பதனாறு வருசம்" என்று மட்டும் சொன்னாராம். இந்த இடத்தை நான் இரண்டு தடவை படித்தேன்.

மூன்றாம் நாள் அம்மாவிடம் கேட்டிருக்கிறார்: "நீதான கரை வேணும்னு நின்னே?"

"கரை இல்லாட்டி அந்தம்மா கண்ணுக்கு எம்புள்ள தெரிஞ்சே இருப்பானா?" என்றாளாம் அம்மா.

 அன்று சாயங்காலம் அப்பா தங்கவேலுவைக் கூப்பிட்டு, புதுக் கடிதத்தை மறுபடியும் படிக்கச் சொல்லியிருக்கிறார். வண்டி கூப்பிட்ட இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னாராம். பிறகு தம்பி எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்:

"வருகிற அமாவாசைக்கு அம்மா அந்தச் சீமாட்டி, அப்பா நீங்கள். குடைக்கு ஏற்பாடு ஆகிவிட்டது. அப்பாவுக்குச் சில விவரம் வேண்டும், உடனே எழுதவும். பெட்டியை எந்தக் கையில் வாங்கினீர்கள்? காசு வாங்கும்போது குனிந்தீர்களா, நிமிர்ந்தே நின்றீர்களா? வண்டி உடனே நின்றதா? அப்பா சொல்லச் சொன்னது: 'இந்தத் தடவையாச்சும் நடந்தத நடந்தபடி எழுதச் சொல்லு.'"

அன்றே பதில் எழுதினேன். பெட்டி வலது கையில், குடை இடது கக்கத்தில். குனிந்தேன். வண்டி உடனே நிற்கவில்லை. முதல் வண்டி என்னைப் பார்க்காமல் போய்விட்டது. அந்தப் பெட்டியோடு தெருமுனை வரை ஓடித்தான் இரண்டாவது வண்டியைப் பிடித்தேன். இதை என் மனைவிக்குக்கூட நான் சொன்னதில்லை. அப்பாவுக்கு வயதாகிவிட்டது, அந்த இடத்தில் ஓட வேண்டாம், வேகமாக நடந்தால் போதும் என்று கீழே கோடு போட்டு எழுதினேன்.